முன்வளவில் மரவள்ளி

புக்கிட் தெங்கா
18-4-1944
தாரண வருடம், சித்திரை 6

புஷ்பவள்ளிக்கு,

நான் இங்கே மகள் யோகலட்சுமி வீட்டில் ஏதோ இருக்கிறேன். நீயும் உன் பிள்ளை பாக்கியமும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கருவாட்டு வியாபாரி முகம்மது கனி நேற்று இங்கே வந்தார். கெலுகோரில் என் வீட்டைத் தாண்டிப் போனாராம். "உங்க வீடுதானான்னு சந்தேகமாப் போச்சும்மா. கேட்டுலேருந்து வாசல் வரைக்கும் ஒரே மரவள்ளிக் குச்சி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டரை வருடத்துக்கு முன்பு பட்டணத்தில் குண்டு விழுந்து நீங்கள் குடியிருந்த வீடு எரிந்தது. நான் படகேறி இக்கரைக்கு மகளிடம் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். உன் புருஷன் சுப்பையா, என் கணவரின் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் பியூனாக இருந்தவன், உன்னையும் சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். யோசிக்காமல் சாவியைக் கொடுத்தேன். வாடகை கேட்டேனா? பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுங்கள் என்ற ஒன்றைத்தான் கேட்டேன்.

அந்த ரோசாப் பாத்திகளை என் கணவர் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையால் கொத்தியவர். தலைமைக் குமாஸ்தா ஏரம்பமூர்த்தியின் வளவு என்றால் வீதியால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். இப்போது பார்க்கிறவர்கள் ஏதோ கூலி லயம் என்று நினைப்பார்கள்.

முன்வளவில் உள்ள மரவள்ளி முழுவதையும் பிடுங்கு. வேண்டுமானால் பின்வளவில் நடு. கிணற்றடி மல்பெரியில் மட்டும் கை வைக்காதே. அவர் தைப்பிங்கிலிருந்து தடி கொண்டுவந்து ஊன்றிய மரம். பத்து வருடத்தில் ஒரு கைப்பிடிப் பழம்தான் தந்தது. அது வேறு கதை.

பதிலைக் கனியிடம் கொடு. தபாலில் போட்டால் யார் யாரோ படிக்கிறார்கள்.

வள்ளிநாயகி ஏரம்பமூர்த்தி


கெலுகோர்
27-4-1944

அம்மா அவர்களுக்கு புஷ்பவள்ளி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவையும் கோபம் குறையவில்லை. குறையட்டும் என்று இரண்டு நாள் வைத்திருந்துதான் எழுதுகிறேன்.

தை மாதம் ஊர்ப் பெரியவர், கம்போங் தலைவர் இஸ்மாயில் கையில் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, பூவையெல்லாம் சாப்பிட முடியாது லா. எல்லா வீட்டிலயும் கிழங்கு, காய்கறி போடணும்னு ஆர்டர். அடுத்த மாசம் ஜப்பான்காரன் வந்து பார்ப்பான். புல்லும் பூவும் இருந்திச்சின்னா எனக்குத்தான் கன்னத்தில விழும்" என்றார். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? எங்கள் வீட்டு அம்மாவுக்கு ரோசா பிடிக்கும் என்று சொல்லவா?

மாசியில் பாக்கியத்தின் அப்பாவைப் பட்டர்வொர்த் விமானத் திடலில் மண் சுமக்கப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாதத்தில் ஒரு நாள் விடுகிறார்கள். அந்த ஒரு நாளும் அவர் தூங்குகிறார். உங்கள் முன்வளவை நான் ஒருத்திதான் கொத்தினேன். ஐயா ஞாயிற்றுக்கிழமை கொத்திய மண்ணாக அது இல்லை. இறுகிப்போய்க் கிடந்தது. கை கொப்பளித்து, உடைந்து, அதன் மேலேயே மறுபடியும் கொப்பளித்தது. வாசற்படி ஓரத்தில் ஒரு வரிசை ரோசாவை விட்டு வைத்திருக்கிறேன். அதைக் கனி அண்ணன் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

கூலி லயம் என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பா முனிசிபல் கூலி. நான் ஜெலுத்தோங்கில் லயத்து வரிசை வீட்டில்தான் பிறந்தேன். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

ஏன் மரவள்ளி என்று கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எனக்கு வேறு எதுவும் வளர்க்கத் தெரியாது. கீரையைப் பசாரில் வாங்கித்தான் பழக்கம். கத்தரி வைத்தேன், இலையெல்லாம் சல்லடையாக ஓட்டை. பயற்றங்காய் பூக்கிறது, பூ உதிர்கிறது. மிளகாய்க் கன்று ஒரு நாள் நன்றாக நின்றது, மறுநாள் வதங்கிப் படுத்துவிட்டது. கங்கோங் கீரை மட்டும் பிழைத்தது. மரவள்ளி ஒன்றுதான் குச்சியைக் குத்திவிட்டால் நம்மை எதுவும் கேட்காமல் வருகிறது.

பாக்கியத்துக்கு வாயெல்லாம் புண். சாப்பாட்டைப் பார்த்தாலே அழுகிறாள். ஐந்து வயதுப் பிள்ளை, தூக்கினால் மூன்று வயதுபோல் இருக்கிறாள்.

மரவள்ளியை நான் பிடுங்க மாட்டேன். மன்னிக்கவும்.

இப்படிக்கு,
புஷ்பவள்ளி

பி.கு. கத்தரி இலை ஓட்டைக்கு என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.


புக்கிட் தெங்கா
6-5-1944

புஷ்பவள்ளிக்கு,

உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

கத்தரி இலையில் காலையிலே, பனி காய முன்பு, அடுப்புச் சாம்பலைத் தூவு. இலையைத் திருப்பிப் பார். அடிப்பக்கத்தில் மஞ்சள் முட்டைகள் ஒட்டியிருக்கும். விரலால் நசுக்கு, அருவருக்காதே. பயற்றங்காய்ப் பூ உதிர்கிறது என்றால் நீ வெயில் ஏறிய பிறகு தண்ணீர் விடுகிறாய் என்று அர்த்தம். விடியவும் பொழுதுபடவும் விடு. வேரில் விடு, பூவின் மேல் ஊற்றாதே. பந்தல் உயரமாக வேண்டும். வதங்கின மிளகாயைப் பிடுங்கி எறிந்துவிடு. அந்தக் குழியில் மறுபடி மிளகாய் வைக்காதே. இஸ்மாயில் வீட்டில் ஆடு நிற்கிறதே, அந்தப் புழுக்கையைக் கேட்டு வாங்கு. பச்சையாகப் போடாதே, மூன்று கிழமை, இருபத்தொரு நாள், மக்கட்டும்.

வேலி ஓரத்தில் வற்றாளை ஊன்று. உங்கள் ஆட்கள் சர்க்கரைவள்ளி என்பார்கள். கிழங்கு வருமுன் கொழுந்தைக் கறி வைக்கலாம்.

பிள்ளையின் வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி. கிணற்றடியில் தானாக முளைத்திருக்கும், கறுப்பாகச் சின்னச் சின்னப் பழம். களை என்று பிடுங்கியிருப்பாய். பிடுங்காமல் இருந்தால் இலையை வதக்கிக் கொடு. பழத்தை அப்படியே தின்னக் கொடு. பச்சைக் காயைக் கொடுக்காதே.

இனி என் பக்கம். வளவு என்னுடையது. கிணறு என்னுடையது. விளைவதில் அரைவாசி என்னுடையது. கிழமைக்கு ஒருமுறை கனியிடம் கொடுத்து அனுப்பு. பாதிக்குக் குறையக் கூடாது. இங்கே குவாட்டர்ஸ் வீடு, சிமெந்து முற்றம். ஒரு மிளகாய் வைக்க இடமில்லை.

வள்ளிநாயகி


கெலுகோர்
21-5-1944

அம்மா அவர்களுக்கு,

பாதி.

அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு நான் கிணற்றடியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. தண்ணீர் இறைப்பதில் பாதி யார்? புழு பொறுக்குவதில் பாதி யார்? மகள் வீடு, மருமகனுக்கு அரசாங்கக் கிடங்கில் வேலை, குவாட்டர்ஸ். அங்கே இருந்துகொண்டு என் பிள்ளையின் தட்டில் பாதி கேட்கிறீர்கள்.

ஆனாலும் அனுப்பினேன். நீங்கள் சொன்னபடி சாம்பல் தூவிய பிறகு கத்தரி தேறிவிட்டது. அதை நான் மறைக்கவில்லை. எட்டுக் கத்தரிக்காய், இரண்டு பிடி பயற்றங்காய், கங்கோங் ஒரு கட்டு. பாக்கியம் கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

படகுத்துறையில் காவல்காரன் கூடையைத் திறக்கச் சொன்னான். சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோக சீட்டு எங்கே என்று கேட்டான். கனி அண்ணனுக்கு மலாயில் பதில் சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை. இரண்டு கன்னத்திலும் அறைந்திருக்கிறான். வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்திருக்கிறான். கூடையும் போய்விட்டது. கனி அண்ணன் வீங்கிய முகத்தோடு திரும்பி வந்து, "இனிமே கடுதாசி மட்டும் குடு தங்கச்சி. காய் கீய் வேணாம் லா" என்றார்.

ஆகவே நீங்கள் கேட்ட பாதியும் உங்களுக்கு இல்லை, எங்களுக்கும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கனி அண்ணன் வாயால் கேட்டால் அதற்கு வேறு சண்டை வரும். மழையில் பயற்றங்காய்ப் பந்தல் சாய்ந்தது. மூங்கிலுக்கு எங்கே போவேன்? இந்தப் பக்கம் எல்லோரும் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மல்பெரியைத் தறித்தேன். நாலு கொம்பு போதும். உங்கள் கடிதம் மடியில் இருந்தது, அதனால் எல்லாக் கொம்பையும் தறித்துவிட்டேன். இப்போது இடுப்பு உயரத்துக்கு அடிமரம்தான் நிற்கிறது.

புஷ்பவள்ளி


புக்கிட் தெங்கா
30-5-1944

புஷ்பவள்ளிக்கு,

கூடை பறிபோன கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும்.

மல்பெரியைத் தறித்தாய். வேண்டாம் என்று எழுதிய பிறகும், கோபத்தில் தறித்தேன் என்று எனக்கே எழுதுகிறாய். இதற்குமேல் உன்னோடு கதைக்க ஒன்றும் இல்லை.

ஆனி முடிவதற்குள் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். மருமகன் பரமநாதன் வரும் கிழமை நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார். அவருக்குக் கிடங்கு அதிகாரி கொடுத்த பாஸ் இருக்கிறது. விளைந்ததில் எனக்குரியதை அவரிடம் கொடு.

வள்ளிநாயகி ஏரம்பமூர்த்தி


கெலுகோர்
10-6-1944

அம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் வந்து போய்விட்டார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கேட்டில் நின்று வீட்டைப் பார்த்தார். ரோசாவையோ மல்பெரியையோ அவர் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். சுவரைத் தட்டினார். அறைகளை எண்ணினார். "ஓடு எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகுதான் பின்வளவுக்கு வந்தார்.

அம்மாவுக்கென்று பறித்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். "இவ்வளவுதானோ?" என்றார். கூட வந்த ஆளிடம் சாக்கை விரிக்கச் சொன்னார். கத்தரியைப் பூவும் பிஞ்சுமாகப் பறித்தார்கள். பயற்றங்காய்ப் பந்தலை இழுத்துப் போட்டார்கள். முன்வளவில் போய் மரவள்ளியைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். "ஐயா, நாலு மாசப் பயிருங்க. இன்னும் அஞ்சு மாசம் போகணும். விரல் தண்டிதான் இருக்கும்" என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். "விரல் எண்டாலும் கிழங்குதானே" என்றார். இரண்டு வரிசை போய்விட்டது. பாக்கியம் பிடுங்கிப் போட்ட செடிகளைத் தூக்கி மறுபடியும் குழியில் நட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அழுதேன். அதைப் பார்த்தாவது விடுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அழுது பிரயோசனம் இல்லை. எங்கட வீட்டிலயும் ஒரு வாய் கூட. வயசு போன ஆள் சும்மா இருந்து சாப்பிடுது. அரிசி எங்க இருந்து வாறது?"

யாரைச் சொன்னார் என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

போகும்போது, ஆனிக்குள் வெளிக்கிடுங்கள், பட்டணத்து வியாபாரி ஒருவர் நாலு மூட்டை அரிசிக்கு இந்த வீட்டைக் கேட்கிறார், மாமி கையெழுத்து வைத்துவிடுவா என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் உங்கள் பெயர் டைப் அடித்திருந்தது. கீழே இடம் காலியாக இருந்தது.

அம்மா, உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் என்னைப் போகச் சொன்னீர்களா? தெரிந்தே என்றால் ஒரு வரி எழுதுங்கள். நான் பாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு ஜெலுத்தோங்கில் யார் வீட்டுத் தாழ்வாரத்திலாவது கிடந்துகொள்வேன்.

புஷ்பவள்ளி


புக்கிட் தெங்கா
19-6-1944

பிள்ளை புஷ்பவள்ளிக்கு,

எனக்குத் தெரியாது.

பரமநாதன் வெறுங்கையோடு வந்தார். "அங்க புல்லுத்தான் மாமி. அவள் ஒண்டும் செய்யேல்லை" என்றார். நான் அதை நம்பி ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கனி உன் கடிதத்தோடு வந்தார். அன்று ஜெலுத்தோங் பசாரில் ஒரு சாக்குக் காய்கறியைக் கொடுத்துச் சிகரெட்டுப் பெட்டிகள் வாங்கிய ஒரு ஆளைத் தான் பார்த்ததாகவும், அது யார் என்றும் சொன்னார். கனியின் கன்னத்தில் இன்னும் தடிப்பு இருக்கிறது. கூடை விஷயத்தில் உன்னை நம்பாததற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அரைவாசி கேட்டேன் அல்லவா? ஏன் என்று சொல்கிறேன். இங்கே என் கோப்பையில் சோறு போடும்போது யோகலட்சுமி தன் புருஷனுடைய முகத்தைப் பார்த்துப் போடுகிறாள். அகப்பையில் எடுத்ததில் கொஞ்சத்தைத் திரும்பச் சட்டிக்குள் தட்டிவிடுவாள். அவளிலே பிழை இல்லை. மூன்று பிள்ளைகள். நான் ஒரு கட்டுக் கீரையாவது கொண்டுவந்து குசினி அடுப்படியில் வைத்தால் அன்று ஒரு நாளாவது குனியாமல் சாப்பிடலாம் என்று நினைத்தேன். இதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதிகாரமாக எழுதுவது சுலபமாக இருந்தது.

அந்தத் தாளை நேற்று என் முன்னால் வைத்தார். கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது என்றேன். கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். தலையிடி என்று படுத்துவிட்டேன். எத்தனை நாள் தலையிடி என்று படுத்திருக்க முடியும்?

நீ எங்கேயும் போகாதே. காலில் வீக்கம், இனி எழுத ஏலவில்லை.

வள்ளிநாயகி


கெலுகோர்
28-6-1944

அம்மா அவர்களுக்கு,

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இரண்டரை மாதம் நாம் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் நெருப்பை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு இப்போதும் கோபம்தான். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வாருங்கள். உங்கள் வீட்டுக்கு வர நீங்கள் யாரைக் கேட்க வேண்டும்? பெரிய அறையை நாங்கள் புழங்கவே இல்லை. கூட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்த பிறகு சண்டை வேண்டாம். சோறு ஒரு வேளைதான். மற்ற வேளை கிழங்கு. அதுவும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான். பயற்றங்காய் மறுபடி விதைத்து இப்போதுதான் கொடி வீசுகிறது. கத்தரி மூன்று செடிதான் பிழைத்தது. முன்வளவு முன்வளவாகவே இருக்காது, மரவள்ளித் தோட்டமாகத்தான் இருக்கும்.

மல்பெரியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நான் மொட்டையடித்த மரம் கண்ணுக்குக் கண் துளிர்த்து, துளிருக்குத் துளிர் காய்த்திருக்கிறது. தறித்தால்தான் காய்க்கும் மரமாம், இஸ்மாயில் அண்ணன் சொன்னார். ஐயா பத்து வருடம் அதைத் தொடாமல் காப்பாற்றினார். பாக்கியம் வாயும் சட்டையும் கறுஞ்சிவப்பாகத் திரிகிறாள். மணத்தக்காளி கொடுத்ததில் வாய்ப்புண் ஆறிவிட்டது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தேன். சண்டைக்கு நடுவில் எங்கே சொல்வது?

புஷ்பவள்ளி


புக்கிட் தெங்கா
7-7-1944

பிள்ளை புஷ்பவள்ளிக்கு,

புதன்கிழமை வருகிறேன்.

படகில் ஏற ஒரு பாஸ் எடுத்துத் தரச் சொல்லிப் பரமநாதனைக் கேட்டேன். "முதல் கையெழுத்து, பிறகு பாஸ்" என்றார். நானே போய் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். வீங்கின காலோடு மூன்று நாள். ஒவ்வொரு நாளும் என் முறை வருமுன் கதவைச் சாத்தினார்கள். மூன்றாம் நாள் மேசையில் இருந்த பொடியன் எதற்குப் போகிறாய் என்று கேட்டான். கெலுகோரில் தோட்டம் செய்ய என்றேன். மேலும் கீழும் பார்த்தான். கிழங்கா என்றான். ஓம், கிழங்குதான் என்றேன். உடனே முத்திரை குத்திவிட்டான். இந்த நாட்டில் இப்போது மரவள்ளிக்கு இருக்கிற மரியாதை மனிதருக்கு இல்லை.

யோகலட்சுமி அழுதாள். போகாதே என்று சொல்லவில்லை.

கத்தரி மூன்று செடிதான் பிழைத்தது என்று எழுதினாயே, அது நடவுக்குழி ஆழம் போதாமல். வந்து பார்க்கிறேன். நான் வரும்வரை எதையும் தொடாதே.

வள்ளிநாயகி


பட்டர்வொர்த்
30-7-1944

அம்மா அவர்களுக்கு,

பாக்கியத்தின் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்ததும், இஸ்மாயில் அண்ணன் தந்த பாஸோடு ஓடி வந்தவள் இன்னும் இங்கேயே இருக்கிறேன். பத்து நாளாகிவிட்டது. அவருக்குக் காய்ச்சல் இறங்குகிறது, ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே புண். கொட்டகையில் ஐம்பது பேர் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். மருந்து என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று கங்காணியைக் கேட்டேன். "எழுந்து நின்னான்னா மறுபடி மண்ணு சுமக்கணும். நிக்கலைன்னா இங்கேயே கெடக்கட்டும். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலேருந்து தாள் வந்தா பாக்கலாம்" என்கிறான். எந்த மேலேயிருந்து? யாரைப் போய்ப் பார்ப்பது? தினமும் கேட்கிறேன், தினமும் இதே பதில்.

பாக்கியம் என்னைத் தேடுகிறாளா? நீங்கள் குனிந்து புழு பொறுக்க வேண்டாம். காய்ந்தால் காயட்டும். கங்கோங்கை நுனியை மட்டும் கிள்ளுங்கள், வேரோடு இழுக்காதீர்கள். உங்களுக்கே சொல்கிறேன் பாருங்கள். வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

புஷ்பவள்ளி


கெலுகோர்
5-8-1944
தாரண வருடம், ஆடி 21

பிள்ளை புஷ்பவள்ளிக்கு,

பாக்கியம் சுகம். முதல் மூன்று நாள் கேட்டடியில் நின்று அழுதாள். இப்போது என் பின்னாலேயே திரிந்து நான் செய்கிற ஒவ்வொன்றுக்கும், "அம்மா அப்பிடி செய்யாது" என்கிறாள். கங்கோங் கிள்ள எனக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்லை.

பரமநாதன் திங்கட்கிழமை வந்தார். தாளும் பேனாவும் கையில். நான் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமி, ஒரு கையெழுத்துத்தான். நாலு மூட்டை அரிசி. எல்லாரும் சாப்பிடலாம்."

"எல்லாரும் எண்டா ஆர் ஆர்?"

"நாங்கள்தான். நீங்கள், நான், யோகம், பிள்ளையள்."

"இந்த வீட்டில இருக்கிறவை?"

"அதுகள் வேற சனம், மாமி."

"மூண்டு கிழமையா அந்த வேற சனத்தின்ர சாப்பாட்டைத்தான் தம்பி சாப்பிடுறன்" என்றேன். "ஒருத்தரும் முகம் பாத்துப் போடேல்லை."

அவர் முகம் கறுத்துவிட்டது. "யோகத்தை நினைச்சுப் பாருங்கோ" என்றார். அது எனக்குச் சுட்டது. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் இங்கே எப்போதும் இடம் இருக்கிறது, போய்ச் சொல்லுங்கள் என்றேன். தாளை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். என் இரண்டு கையும் மண். கழுவ நேரமில்லை என்று சொல்லிவிட்டுக் கொத்தத் தொடங்கினேன். பாத்தியை மிதித்துக்கொண்டு நடந்து போனார். இனி அங்கிருந்து ஒரு கடிதமும் வராது. யோகலட்சுமியை எப்போது பார்ப்பேன் என்று தெரியவில்லை.

இனி முக்கியமான விஷயம். இஸ்மாயில் நேற்று வீட்டு ஆள் கணக்கு எடுக்க வந்தார்.

"அம்மா, வீட்டில எத்தனை பேர் லா?"

"நாலு பேர்."

"மூணுதானே? சுப்பையா பட்டர்வொர்த்தில இருக்கான்."

"நாலு பேர். இந்தத் தோட்டத்துக்கு ஆம்பிளை அவன்தான். அவன் இல்லாட்டி நீங்கள் போடச் சொன்ன கிழங்கை ஆர் கிண்டித் தாறது? நானா?"

அவர் என் காலைப் பார்த்தார். பாக்கியத்தைப் பார்த்தார். பிறகு, கேட்டிலிருந்து வாசற்படி வரை ஓரடி விடாமல் மரவள்ளி போட்டு, விளைவதில் பாதி அரசாங்கத்துக்குக் கொடுப்பதாக எழுதித் தந்தால், சுப்பையா இந்தத் தோட்டத்து ஆள் என்று முத்திரை வைத்துத் தருகிறேன் என்றார். அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தேன். அரைவாசி என்ற சொல்லை எழுதும்போது எனக்கே என் மேல் கோபம் வந்தது. ஆனால் எழுதிவிட்டேன்.

அந்த முத்திரைத் தாள் இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. கங்காணியிடம் கொடுக்காதே, தொலைத்துவிடுவான். அவனுக்கு மேலே இருக்கிறவனிடம் உன் கையால் கொடு. தலையை நன்றாகக் குனிந்து கொடு. அவன் இல்லை என்றால் மறுநாள் போ. அதற்கும் மறுநாள் போ. சுப்பையாவால் நடக்க முடியாவிட்டால் படகுத்துறை வரைக்கும் கனி வண்டி பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதற்கு அவரிடம் நான் கேட்கக்கூட இல்லை.

எனக்கு வயது அறுபத்தொன்று. இதுவரை ஒரு தாளிலும் இல்லாததை எழுதியதில்லை. இப்போது அரசாங்க முத்திரைக்கு மேலே நாலு பேர் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். சுப்பையாவை எப்படியாவது கூட்டிக்கொண்டு வா, பிள்ளை. என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதே.

வள்ளிநாயகி